விளையாட்டு நிர்வாகம் படிக்கலாமா? அப்பாவுக்கும் சேர்த்து ஒரு பதில்

கேள்வி: ஆன்ட்டி, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் மாமா நடத்தும் கால்பந்து கிளப்பில் ஆட்ட அட்டவணை போடுவது, சந்தா எழுதுவது, ஜெர்சி எண்ணி வைப்பது எல்லாம் நான்தான். எனக்குப் பந்து ஆட வராது. ஆனால் ஆட்டம் நடத்தப் பிடித்திருக்கிறது. ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படிக்க ஆசை. அப்பா, "அதெல்லாம் ஒரு வேலையா? அக்கவுன்டிங் படி" என்கிறார். கணிதம் கஷ்டமாக இருப்பதால், அதற்குப் பதிலாக எடுக்கக்கூடிய எளிய அன்றாடக் கணக்குப் பாடமான மேத்தமேட்டிக்கல் லிட்டரசிக்கு மாறலாமா என்றும் யோசிக்கிறேன். இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது? வேலை கிடைக்குமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தில் நீ பெரிதாக எண்ணாமல் எழுதிவிட்டுப் போன ஒரு விஷயம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கிளப்பின் சந்தாவை நீதான் எழுதுகிறாய். யார் கொடுத்தார்கள், யார் பாக்கி, கொடுத்த பணம் எங்கே போனது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கிறாய். நீ படிக்க ஆசைப்படுகிற வேலையை ஏற்கெனவே தொடங்கிவிட்டாய் என்றுதான் இதற்கு அர்த்தம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்பா சொல்கிற அக்கவுன்டிங்கும் நீ கேட்கிற படிப்பும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. கணக்குத் தெரிந்த, கை சுத்தமான ஆட்களுக்குத்தான் இந்தத் துறையில் பஞ்சம். இந்தப் பதிலை அப்பாவும் படிக்கட்டும்.

விளையாட்டு நிர்வாகம் என்றதும் பலருக்கும் நட்சத்திர வீரர்களோடு நின்று போட்டோ எடுப்பதும், கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதும்தான் நினைவுக்கு வருகிறது. டர்பனில் மைதானங்களிலும் போட்டி ஏற்பாடுகளிலும் என் வேலைக்காலம் முழுக்கக் கழிந்திருக்கிறது. ஆனால் ஒரு ஆட்டத்தையாவது முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை உட்கார்ந்து பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. ஆட்டம் நடக்கிற நேரத்தில் எங்கள் கண் கேட்டின் மேலும், படிக்கட்டின் மேலும், கழிவறை வரிசையின் மேலும் இருக்கும். ஆட்டம் பார்க்க வருகிறவர் தன் உயிரையும் பிள்ளையையும் நம்மை நம்பிக் கொண்டுவருகிறார். ஸ்பான்சர் பணத்தைக் கொடுக்கிறார். விளையாடுகிறவர் தன் இளமையில் பத்து வருஷத்தைக் கொடுக்கிறார். இவற்றைக் காப்பாற்றி, கேட்டால் கணக்குக் காட்டுவதுதான் இந்தத் தொழில். மார்க்கெட்டிங், சட்டம், நிதி, மனிதவளம் என்று பாடப் புத்தகத்தில் நீ படிக்கப்போகிற எல்லாமே இதிலிருந்து கிளைத்தவைதான்.

உயிரிலிருந்தே தொடங்குகிறேன். 2001 ஏப்ரல் 11 அன்று ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்தில் கைஸர் சீஃப்ஸ், ஆர்லாண்டோ பைரட்ஸ் கால்பந்து அணிகள் மோதின. அன்று நெரிசலில் 43 பேர் இறந்துபோனார்கள். நீ அப்போது பிறந்தே இருக்கமாட்டாய். அப்பாவுக்கு நன்றாக நினைவிருக்கும், கேட்டுப் பார். நீதிபதி நகோபே தலைமையிலான விசாரணைக் குழு சொன்ன காரணங்களை இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். எவ்வளவு கூட்டம் வரும் என்று சரியாகக் கணிக்கவில்லை. எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்று தெளிவாகப் பிரித்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துக் கட்டளையிட ஒரு தலைமை இல்லை. டிக்கெட் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பை வரக் கூடாத நேரத்தில் கொடுத்தார்கள். இதையெல்லாம்விட மனதைச் சுடுவது வேறொன்று: பத்து வருஷத்துக்கு முன்னால், 1991 ஜனவரியில், ஆர்க்னியில் இதே இரண்டு அணிகள் ஆடியபோது 42 பேர் இறந்திருந்தார்கள். அதிலிருந்து யாரும் பாடம் கற்கவில்லை என்றும் குழு சொன்னது.

மறுபடி ஒருமுறை அந்தக் காரணங்களைப் படித்துப் பார். அவற்றில் கணிசமானவை அலுவலகத்தில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முன்கூட்டியே தீர்த்திருக்க வேண்டியவை. எங்கள் வேலை எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அதன் பிறகு வந்ததுதான் 2010-ஆம் ஆண்டின் விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் பாதுகாப்புச் சட்டம். பெரிய மைதானத்தில் நடக்கிற நிகழ்ச்சி ஒவ்வொன்றையும் போலீஸ் முன்கூட்டியே ஆராய்ந்து, ஆபத்துக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று தரம் பிரிக்கும். அந்தத் தரத்தைப் பொறுத்துத்தான் எத்தனை காவலர், எத்தனை மார்ஷல், எத்தனை ஆம்புலன்ஸ் என்பதெல்லாம் முடிவாகும். மைதான உரிமையாளர், நடத்துகிறவர், சங்கம், போலீஸ், தீயணைப்பு, மருத்துவம் எல்லோரும் ஒரே குழுவில் உட்கார வேண்டும். ஆட்ட நாளன்று எல்லோருடைய ஆட்களும் ஒரே கட்டுப்பாட்டு அறையில் இருப்பார்கள். அந்த அறை எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு சுவர் நிறைய கேமராத் திரைகள். ஒவ்வொருவர் கையிலும் ரேடியோ. ஓரத்தில் ஒருவர் நோட்டைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டே இருப்பார்: "17.42, வடக்கு கேட், ஸ்கேனர் வேலை செய்யவில்லை. 17.46, மாற்று ஸ்கேனர் போய்ச் சேர்ந்தது." அந்த நான்கு நிமிஷத்தில் வெளியே வரிசை எவ்வளவு நீண்டது, பின்னால் நிற்பவர்களிடம் யார் போய் என்ன சொன்னார்கள், அதுவும் நோட்டில் ஏறும். நாளைக்கு ஏதாவது நடந்து கோர்ட்டுக்குப் போனால் அந்த நோட்டுதான் பேசும். அதை எழுதுவது பெரும்பாலும் உன் போல இந்தத் துறைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள்தான். கையெழுத்துத் தெளிவாக இருந்தால் முதல் வருஷத்திலேயே உன்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள்.

இனி பணம். அப்பா இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

2009-இல் இந்தியாவில் பொதுத் தேர்தல் வந்ததால் ஐபிஎல் போட்டிகளை நம் நாட்டுக்கு மாற்றினார்கள். முடிவு மார்ச் கடைசியில்தான் வந்தது. ஏப்ரல் 18 அன்று முதல் ஆட்டம். ஒரு மாதம்கூட இல்லாத அவகாசத்தில் எட்டு மைதானங்கள், எட்டு அணிகள், ஹோட்டல், விமானம், டிக்கெட், ஒளிபரப்பு எல்லாம் தயாராயின. நம் கிங்ஸ்மீட் மைதானமும் அதில் ஒன்று. வேலைத் திறமை என்று பார்த்தால் அது பெரிய சாதனை. உலகமே பாராட்டியது. ஆனால் அந்தப் போட்டிக்காகக் கிரிக்கெட் சவுத் ஆஃப்ரிக்காவின் தலைமைச் செயல் அதிகாரியும் சில ஊழியர்களும் பெற்ற போனஸ் தொகை, சம்பளத்தைத் தீர்மானிக்கும் குழுவுக்கு முறையாகத் தெரிவிக்கப்படவில்லை என்ற பிரச்சினை கிளம்பியது. விஷயம் நீதிபதி நிக்கல்சன் விசாரணை வரை போய், 2012-இல் அந்த அதிகாரி பதவி நீக்கம் செய்யப்பட்டார். இயக்குநர் குழுவில் சங்கத்துக்கு வெளியே இருந்து வருகிற சுயேச்சையான ஆட்கள் அதிகம் இருக்க வேண்டும் என்ற பேச்சு அப்போது சூடு பிடித்தது. அப்படிப்பட்டவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் குழு கடைசியில் அமைந்தது 2021-இல்தான். இத்தனை வருஷம் ஒரு பெரிய சங்கம் அல்லாடியது, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், யாருடைய ஒப்புதலோடு கொடுத்தோம் என்ற கேள்வியில்தான். உன் நோட்டுப் புத்தகத்திலும் அதே கேள்விதான் இருக்கிறது. தொகை மட்டும் சிறியது.

நம் வீட்டுப் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. மேனிங் ரேஞ்சர்ஸ் என்றால் உன் தாத்தா எழுந்து உட்காருவார். 1928-இல் டர்பனில் நம் இந்திய வம்சாவளி ஆட்கள் தொடங்கிய கால்பந்து கிளப். நிறவெறிக் காலம் முழுக்கத் தாக்குப் பிடித்தது. 1996-97-இல் பிரீமியர் சாக்கர் லீக் முதன்முதலாக நடந்தபோது, சோவெட்டோவின் பெரிய அணிகளையெல்லாம் தாண்டி, கார்டன் இகசண்ட் பயிற்சியில் கோப்பையைத் தூக்கியது. அந்த வருஷம் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருந்த சந்தோஷத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. அதற்குப் பிறகு பத்தே வருஷத்தில் அணி கீழே இறங்கி, அதன் லீக் உரிமம் ஒரு நிதி நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, கேப் பக்கம் போய்ப் பெயரும் மாறிவிட்டது. ஒரு தலைமுறையின் உழைப்பு, விற்கக்கூடிய ஒரு தாளாக ஆகிவிட்டது. ஆடத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் எப்போதும் இருந்தார்கள். ஜெயித்த பிறகு கிளப்பை நிறுத்தி வைக்கிற வருமானம் எங்கிருந்து வரும் என்று கணக்குப் போட்டு நடத்துகிறவர்கள் போதவில்லை என்பதுதான் என் எண்ணம்.

அந்த வருமானம் எங்கிருந்து வருகிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். தொழில்முறை விளையாட்டில் பெரும் பணம் தொலைக்காட்சி உரிமையிலும் ஸ்பான்சரிலும்தான். டிக்கெட் விற்பனையை மட்டும் நம்பி இங்கே பெரிய கிளப் எதையும் நடத்த முடியாது. ஸ்பான்சர் என்பவரோ காற்று அடிக்கிற பக்கம் நகர்கிறவர். கிரேவில் மைதானத்தில் ஜூலையில் நடக்கிற குதிரைப் பந்தயம் உனக்குத் தெரியும். 1897-இலிருந்து நடக்கிறது. பல வருஷம் ரோத்மன்ஸ் சிகரெட்டின் பெயரைத் தாங்கியிருந்தது. புகையிலை விளம்பரத்துக்குத் தடை வந்ததும் வோடகாம் வந்தது. 2022-இலிருந்து ஹாலிவுட்பெட்ஸ் என்ற பந்தயக் கம்பெனி. கிங்ஸ்மீட், கிங்ஸ் பார்க் இரண்டின் பெயருக்கு முன்னாலும் இப்போது அதே பெயர்தான். சட்டம் மாறினால் பணம் வருகிற கதவு மாறுகிறது என்பதை இதிலிருந்து கற்றுக்கொள். கூடவே, எந்தக் கதவு வழியாக வருகிற பணத்தை வாங்குவது என்ற கேள்வியும் உன் மேஜைக்கு ஒருநாள் வரும். சிறு பிள்ளைகளின் ஜெர்சியில் பந்தயக் கம்பெனியின் பெயர் போடக் கேட்டால் நான் மாட்டேன் என்பேன். நம் வீடுகளில் அந்தப் பழக்கம் என்ன செய்கிறது என்று பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மைதானம் கட்டுவதைவிட அதைப் பராமரிப்பது கஷ்டம் என்பதும் பாடத்தில் வரும். 2010 உலகக் கோப்பைக்காக நம் ஊரில் மோசஸ் மபீடா மைதானம் எழுந்தது. ஸ்பெயினும் ஜெர்மனியும் மோதிய அரையிறுதி அங்கேதான் நடந்தது. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கமே கிங்ஸ் பார்க் இருக்கிறது. ரக்பி அணியான ஷார்க்ஸ் அங்கேயே இருந்துவிட்டது. இரண்டு பெரிய மைதானம் அடுத்தடுத்து நின்றால் வருஷம் 365 நாளும் எதைக் கொண்டு நிரப்புவது? கச்சேரி, கண்காட்சி, கல்யாணம், வளைவின் மேல் ஏறிப் பார்க்கிற சுற்றுலா என்று யோசித்து யோசித்து நடத்த வேண்டியிருக்கிறது. 2022 காமன்வெல்த் போட்டிகள் டர்பனுக்கு என்று 2015-இல் முடிவானதும், நிதி உத்தரவாதங்கள் உரிய நேரத்தில் வராததால் 2017-இல் அது கைநழுவிப் பர்மிங்ஹாம் போனதும் உனக்குத் தெரிந்திருக்கும். அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பார். கல்லூரிச் சேர்க்கைக்கு உதவும்.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இதை உன் மாமாவிடம் இந்த வாரமே பேசு. சிறுவர் சட்டப்படி, பிள்ளைகளோடு வேலை செய்கிற பயிற்சியாளர், உதவியாளர் யாராக இருந்தாலும், தேசியச் சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை என்று சரிபார்க்க வேண்டும். பாலியல் குற்றவாளிகள் பதிவேடு தனியாக உண்டு, அதையும் பார்க்க வேண்டும். "நமக்குத் தெரிந்த அண்ணாதானே" என்று விடுவது பெருந்தவறு. தெரிந்தவர் என்பதற்காக யாருக்கும் விதிவிலக்கு வைக்காதே. படிவம் நிரப்பச் சொன்னால் நல்லவர் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இன்னொன்றும் நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் விளையாட்டு நிர்வாகம் என்பது யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானித்த அதிகாரமாக இருந்தது. 1963-இல் நம் இந்திய வம்சாவளி வீரர் பாப்வா செவ்கோலம் நேட்டால் ஓபன் கோல்ஃப் போட்டியில் ஜெயித்தார். கிளப் கட்டடத்துக்குள் அவர் நுழைய முடியவில்லை. வெளியே மழையில் நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்த விதியையும் யாரோ ஒரு நிர்வாகிதான் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மறுபக்கத்தில் டர்பனின் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் நம் தாத்தாக்கள் சம்பளம் வாங்காமல் லீக் நடத்தினார்கள், கோடு போட்டார்கள், டிக்கெட் கிழித்தார்கள், வரவு செலவை ஆண்டுக் கூட்டத்தில் வாசித்தார்கள். 1973-இல், நிறவெறி விளையாட்டை எதிர்த்த சாகோஸ் என்ற விளையாட்டு அமைப்பு பிறந்தது. இயல்பில்லாத சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்று சொன்ன ஹாசன் ஹோவா ஒரு கிரிக்கெட் நிர்வாகி. டர்பனில் பிறந்து ஆசிரியராக இருந்த சாம் ராம்சாமி, லண்டனில் இருந்துகொண்டு நிறவெறி விளையாட்டுக்கு எதிராகப் போராடினார். பிறகு நம் தேசிய ஒலிம்பிக் குழுவுக்குத் தலைவரானார். 1992 பார்சிலோனாவுக்கு நம் அணி திரும்பிப் போனபோது முன்னின்றவர் அவர். "நம் ஆட்கள் யார் இந்தத் துறையில் இருக்கிறார்கள்?" என்று அப்பா கேட்டால் இந்தப் பெயரைச் சொல்.

சரி, படிப்புக்கு வருவோம். கணிதத்தை விடாதே. மேத்தமேட்டிக்கல் லிட்டரசியை ஏற்றுக்கொள்கிற டிப்ளமோக்கள் உண்டு. ஆனால் வணிகவியல் பட்டம் என்று போனால் பெரும்பாலும் கணிதம்தான் கேட்பார்கள். பதினோராம் வகுப்பில் மாறிவிட்டால் அந்தக் கதவுகள் மூடிவிடும், திரும்பித் திறப்பது மிகக் கஷ்டம். எழுபது மதிப்பெண் வராவிட்டால் பரவாயில்லை. ஐம்பது, அறுபதில் நின்றாலும் பிடித்துக்கொள். சனிக்கிழமைக் கணித வகுப்பு நடக்கிற இடம் உன் பக்கத்தில் எங்கே என்று பள்ளியில் கேள்.

விளையாட்டு நிர்வாகத்துக்கென்றே டிப்ளமோ வைத்திருக்கும் இடங்களில் கேப் பெனின்சுலா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்று. ஜோஹன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று துறை இருக்கிறது. ஊரை விட்டுப் போக முடியாவிட்டால் டர்பனிலேயே அக்கவுன்டிங், பொது நிர்வாகம், மார்க்கெட்டிங், ஈவென்ட் மேனேஜ்மென்ட், சட்டம் இவற்றில் ஒன்றைப் படித்துவிட்டு, சனி ஞாயிறுகளில் விளையாட்டைப் பிடித்துக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால், ஆள் எடுக்கிற இடத்தில் நான் உட்கார்ந்தபோதெல்லாம் பட்டத்தின் பெயரைவிட, "இந்தப் பிள்ளை எங்கே, யாரிடம், என்ன பொறுப்பு எடுத்துச் செய்திருக்கிறது" என்பதைத்தான் முதலில் பார்த்தேன். தனியார் கல்லூரி விளம்பரம் பார்த்துப் பணம் கட்டிவிடாதே. உயர்கல்வித் துறையில் கல்லூரி பதிவாகியிருக்கிறதா, அந்தப் படிப்புக்கு சாக்வா (தேசியத் தகுதிகளைப் பதிவு செய்யும் அமைப்பு) எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேசு. கேத்ஸெட்டா என்ற அமைப்பு விளையாட்டு, சுற்றுலா, கலைத் துறைகளுக்கான பயிற்சி இடங்களுக்கு நிதி தருகிறது. உதவித்தொகையோடு வேலை கற்றுக்கொள்ள அது ஒரு நல்ல வழி.

வேலை கிடைக்குமா என்று கேட்டாய். கிடைக்கும். ஆனால் நீ நினைக்கிற கதவில் முதலில் கிடைக்காது. ரக்பியின் ஷார்க்ஸிலோ, கால்பந்தின் அமாசுலுவிலோ, கிரிக்கெட்டின் டர்பன்ஸ் சூப்பர் ஜயன்ட்ஸிலோ காலியாகிற இடங்கள் கொஞ்சம், வரிசையில் நிற்பவர்கள் அதிகம். நகராட்சியின் பூங்கா, விளையாட்டுத் துறை, மாகாணச் சங்கங்கள், பள்ளிகளின் விளையாட்டு அலுவலகம், நீச்சல் குளங்கள், ஜிம், டிக்கெட் கம்பெனி, நிகழ்ச்சி நடத்தும் சின்னச் சின்ன நிறுவனங்கள், இங்கேதான் ஆட்கள் வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் ஒப்பந்த வேலைதான், சம்பளமும் சுமார்தான். வீரர்களின் ஏஜென்டாகப் போக ஆசை என்றால், 2023 முதல் ஃபிஃபா அதற்குத் தேர்வு வைத்து உரிமம் தருகிறது. சட்டம் படித்தவர்களுக்கு அது பொருந்தும். உனக்கு அந்த வழியை நான் முதலில் சொல்லமாட்டேன்.

வேலை நேரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊரே ஓய்வெடுக்கிற நாளில் நமக்கு வேலை. தைப்பூசக் காவடி சமயத்தில் எஸ்ஏ20 கிரிக்கெட் நடந்துகொண்டிருக்கும். ஈஸ்டர் வாரத்தில் குடும்பமே இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது நீ எங்காவது ஒரு டோர்னமென்டில் நிற்பாய். கல்யாண வீட்டுக்குச் சாப்பாடு முடிகிற நேரத்தில் போய்ச் சேருவாய். பெண் பிள்ளை இரவு பதினோரு மணிக்கு மைதானத்திலிருந்து எப்படி வீடு திரும்பும் என்று அம்மா கேட்பார். அது நியாயமான கேள்வி. வேலைக்குச் சேரும்போது போக்குவரத்து ஏற்பாடு என்ன என்று வாய் திறந்து கேட்டுவிடு. அப்படிக் கேட்பதற்காக உன்னை ஒதுக்குகிற இடம் உனக்கு வேண்டாம்.

இப்போதே என்ன செய்யலாம்? மாமாவின் கிளப்பை ஒழுங்குபடுத்து. எழுதி வைத்த விதிமுறை இருக்கிறதா? கூட்டக் குறிப்பு எழுதுகிறார்களா? பணம் யாருடைய சொந்தக் கணக்கிலாவது கிடக்கிறதா? கிளப் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, இரண்டு பேர் ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் வெளியே போகும் என்று வையுங்கள். ஜெர்சி, பந்து, வலை எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போடு. வருஷக் கடைசியில் வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதிப் பெற்றோர் முன்னால் வாசி. லாட்டரி நிதிக்கோ உள்ளூர்க் கடைக்காரர் உதவிக்கோ விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்படுவது இந்தத் தாள்கள்தான். நல்ல கிளப்புகள் பல வருஷா வருஷம் உதவி இழப்பது இவை இல்லாததால்தான். மைதானத்தை நகராட்சியிடம் முன்பதிவு செய்கிற கடிதத்தையும் இனி நீயே எழுது. பதில் வராவிட்டால் தேதி போட்டு இரண்டாவது கடிதம் எழுது.

அப்புறம், காம்ரேட்ஸ் மாரத்தானில் ஒரு வாட்டர் டேபிளில் நின்று பார். 1921-இல் 34 பேர் ஓடத் தொடங்கி 16 பேர் முடித்த பந்தயம். இன்று ஆயிரக்கணக்கில் ஓடுகிறார்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் நடுவில் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், 12 மணி நேரக் கெடு. வழி நெடுகத் தண்ணீர் மேஜைகள். பல மேஜைகளை ஓட்டக் கிளப்புகளும் தொண்டு அமைப்புகளும்தான் நடத்துகின்றன. தண்ணீர் சின்னப் பிளாஸ்டிக் உறைகளில் வரும். ஐஸ் போட்ட பெரிய தொட்டிகளில் கொட்டி வைப்போம். ஓடுகிறவர் கையில் வாங்கி, மூலையைப் பல்லால் கடித்துக் குடித்துக்கொண்டே போவார். முன்னால் வருகிற வேகக்காரர்களுக்கு எல்லோரும் கை தட்டி ஆளுக்கு மூன்று நான்கு உறை நீட்டுவார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. பத்து, பதினோரு மணி நேரத்துக்குப் பிறகு வருகிற பெருங்கூட்டத்துக்குத்தான் தண்ணீர் உயிர். அனுபவசாலி ஒருவர் கொடி பிடித்துக்கொண்டு பெரிய கும்பலை ஒரே வேகத்தில் ஓட்டி வருவார், அதை "பஸ்" என்பார்கள். ஒரு பஸ் வந்தால் ஒரே நிமிஷத்தில் தொட்டி காலியாகிவிடும். அந்த நேரத்துக்கு எத்தனை பெட்டி ஒதுக்கி வைக்க வேண்டும், எப்போது ஐஸில் போட வேண்டும், அதைத் தொடாதே என்று யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று யோசிக்கிறவர் மேஜைப் பொறுப்பாளர். கடைசி ஆளுக்கும் குளிர்ந்த தண்ணீர் கிடைத்ததா என்பதுதான் அவருடைய மதிப்பெண். அவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க நின்று பார்த்தால், கூட்டத்தைக் கணிப்பது என்றால் என்ன என்று உனக்குப் புரிந்துவிடும். எல்லிஸ் பார்க்கில் தவறியதும் அதுவே.

ஜூலு மொழியைப் பேசக் கற்றுக்கொள். பள்ளியில் படிக்கிற அளவு போதாது. புல் வெட்டுகிறவர், கேட்டில் நிற்கிறவர், டாக்ஸி ஓட்டுகிறவர், கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தை, எல்லோரிடமும் அவசரத்தில் அவர்கள் மொழியிலேயே பேச வர வேண்டும். இந்த மாகாணத்தில் அது இல்லாமல் ஓர் எல்லைக்கு மேல் போக முடியாது.

கடைசியாக, தேதிகள். குவாசூலு-நேட்டாலின் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு சென்ட்ரல் அப்ளிகேஷன்ஸ் ஆஃபீஸ் வழியாகத்தான் விண்ணப்பம். கேப் பெனின்சுலாவுக்கும் ஜோஹன்னஸ்பர்குக்கும் தனித்தனியாக நேரே விண்ணப்பிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய சில மாதங்களிலேயே விண்ணப்பங்கள் திறந்துவிடும். பதினோராம் வகுப்பு இறுதி மதிப்பெண்ணை வைத்துத்தான் முதல் சுற்று முடிவு பண்ணுவார்கள். அதனால் இந்த வருஷத் தேர்வுதான் உனக்கு முக்கியம். பாடம் மாற்றும் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இந்த மூன்று இடங்களின் சேர்க்கை விதிகளையும் அச்செடுத்து மேஜையில் வைத்து, இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். அதில் ஏதாவது புரியாவிட்டால் எனக்கு மறுபடி எழுது.

அன்புடன்,
ஆன்ட்டி